பிடிச்ச கையை விடுங்க: புதுக்கோட்டை சைக்கிளும் நம்ம சிறுமூளையும்

1/
"டாக்டர், எனக்கு 47 வயசு. இனிமே ஸ்கூட்டி கத்துக்க முடியுமா?"

"அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து மூணு மாசம் ஆச்சு. நடக்க விட்டா விழுந்துடுவாங்களோன்னு கட்டில்லயே வச்சிருக்கோம். சரிதானே டாக்டர்?"

அடிக்கடி வர்ற ரெண்டு கேள்வி. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத மாதிரி தெரியும். ஆனா ரெண்டுக்கும் என் பதில் ஒண்ணுதான். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
பதிலை முதல்லயே சொல்லிடறேன்.

உடம்பு அசைவைத் திருத்திக்கிற வேலையை மூளை எப்படிக் கத்துக்குதுன்னா, தானே செஞ்ச தப்பை வச்சுத்தான். அந்தத் தப்பு நடக்கவே விடாம நாம பிடிச்சுக்கிட்டே இருந்தா, அது பாசமா இருக்கலாம். பயிற்சி ஆகாது.

இதுக்கு சாட்சி தேடி வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம புதுக்கோட்டை மாவட்டத்து ரோட்டைப் பாருங்க.

3/
வருஷம் 1991. புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வேலையை ஆரம்பிச்ச நேரம். அப்ப ஆட்சியரா இருந்தவர் ஷீலா ராணி சுங்கத்.

பாடம் சொல்லித்தர தன்னார்வலர்கள் ஊர் ஊரா போகணும். பஸ் எப்ப வரும்னு தெரியாது. அதனால பெண் தன்னார்வலர்களுக்கு சைக்கிள் கத்துக்கொடுக்கலாம்னு முடிவாச்சு. அப்புறம் அது அவங்களோட நிக்கல. படிக்க வந்த பெண்களுக்கும் பரவுச்சு. எழுதப் படிக்கிறது மாதிரி சைக்கிள் ஓட்டுறதும் அறிவொளியில ஒரு பாடம் ஆயிடுச்சு.

4/
பத்திரிகையாளர் பி. சாய்நாத் அப்ப இங்க வந்து பார்த்து எழுதினார். அவர் தர்ற கணக்கு இது.

ஒரு லட்சத்துக்கும் மேல கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. பத்து வயசுக்குக் கீழ உள்ள சிறுமிகளைக் கழிச்சுட்டுப் பார்த்தா, மாவட்டத்துக் கிராமப் பெண்கள்ல நாலுல ஒரு பங்குக்கும் மேல. அதுல 70,000 பேருக்கு மேல, பொது இடத்துல நாலு பேர் முன்னாடி ஓட்டிக் காட்டினவங்க.

1992 மகளிர் தினத்துல 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பார்ல கொடி கட்டிக்கிட்டு, மணி அடிச்சுக்கிட்டு புதுக்கோட்டை டவுனுக்குள்ள வந்தாங்க.

5/
லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கல. நிறையப் பேர் ஜென்ட்ஸ் சைக்கிள்லயே கத்துக்கிட்டாங்க. முன்னாடி இருக்கிற பார்ல பிள்ளையை உக்கார வச்சுக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு.

சாய்நாத்தோட இந்தக் கட்டுரை ஹிந்தியில மொழிபெயர்த்து என்சிஇஆர்டி எட்டாம் வகுப்புப் புத்தகத்துல பல வருஷம் பாடமா இருந்துச்சு. வட இந்தியப் பிள்ளைங்க படிச்ச கதை. நம்ம ஊர்ல இன்னைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

6/
இப்ப ஒரு டாக்டரா என் கேள்வி.

அந்த ஒரு லட்சம் பெண்களோட மூளையில 1991-ல திடீர்னு என்ன மாறுச்சு? ஒண்ணும் மாறல. பேலன்ஸ் கத்துக்கிற திறமை அதுக்கு முன்னாடியும் அதே இடத்துல அப்படியே இருந்துச்சு.

இல்லாதது ஒண்ணே ஒண்ணு. விழறதுக்கு அனுமதி.

7/
நம்ம ஊர்ல ஆம்பளை விழுந்தா, மீசையில மண் ஒட்டலைன்னு சொல்லித் தட்டிவிட்டுட்டுப் போயிடலாம். பொம்பளை நடுரோட்டுல சைக்கிள்ல இருந்து விழுந்தா அது குடும்ப மானம். "உனக்கு எதுக்கு இந்த வேலை?"

அன்னைக்கும் அந்தப் பெண்களைக் கேவலமா பேசினாங்க. ஆனா பக்கத்துல இன்னும் பத்துப் பேர் விழுந்து எழுந்துக்கிட்டு இருந்தாங்க. ஆட்சியர் கூட நின்னாங்க. அறிவொளி கூட நின்னுச்சு.

ஒரு லட்சம் பேர் கத்துக்கிட்டாங்கன்னா, எத்தனை லட்சம் தடவை விழுந்திருப்பாங்க? அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கல. ஆனா கத்துக்கொடுத்தது அதுதான்.

8/
சரி, விழும்போது மூளைக்குள்ள என்ன நடக்குது?

பின்மண்டையில, பெருமூளைக்குக் கீழ, கைப்பிடிக்குள்ள அடங்குற அளவுல ஒரு பகுதி. பேர் சிறுமூளை. மொத்த மூளையில கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்குதான். ஆனா நம்ம மூளையில இருக்கிற சுமார் 8,600 கோடி நியூரான்கள்ல ஏறக்குறைய 6,900 கோடி இந்தச் சின்ன இடத்துலதான் இருக்கு.

பேர்தான் சிறுசு.

9/
அது என்ன வேலை செய்யுதுன்னு புரிய ஒரு குடம் போதும்.

நிறைஞ்ச குடம்னு நினைச்சு வெறுங்குடத்தைத் தூக்கியிருக்கீங்களா? கை சடார்னு மேல போகும். ஏன்?

தூக்கறதுக்கு முன்னாடியே மூளை "இவ்வளவு கனம் இருக்கும்"னு ஒரு கணிப்பு போட்டு, அதுக்கேத்த பலத்தைக் கைக்கு அனுப்பிடுச்சு. கணிப்பு பொய்யாச்சு. அந்தச் சடார்தான் பிழை. அடுத்த தடவை அதே குடத்தைச் சரியா தூக்குவீங்க. ஒரே ஒரு தப்பு, ஒரே ஒரு திருத்தம்.

10/
நடக்கிறது இதுதான்.

பெருமூளை தசைக்கு "அசை"ன்னு உத்தரவு போடுது. அந்த உத்தரவோட ஒரு நகல் சிறுமூளைக்கும் போகுது. நகலைப் பார்த்து, "இப்படி அசைஞ்சா இப்படி உணர்வு வரணுமே"ன்னு சிறுமூளை கணிக்குது. அடுத்து தசை, மூட்டு, கண், உள்காது இங்கெல்லாம் இருந்து நிஜத் தகவல் வருது.

கணிப்பும் நிஜமும் ஒத்துப்போனா பேசாம இருக்கும். வித்தியாசம் இருந்தா, அந்த வித்தியாசம்தான் அன்னைக்குப் பாடம்.

11/
உங்களை நீங்களே கிச்சுக்கிச்சு மூட்டிக்க முடியாததும் இதனாலதான். உங்க விரல் எங்க படப்போகுதுன்னு சிறுமூளைக்கு முன்னாடியே தெரியும். எதிர்பார்த்த தொடுதல்ல கூச்சம் வராது. அடுத்தவங்க செஞ்சாத்தான் வரும்.

இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. உத்தரவு நம்மகிட்ட இருந்து போனாத்தான் கணிப்பு உண்டு. கணிப்பு இருந்தாத்தான் பிழை உண்டு. பிழை இருந்தாத்தான் பாடம். பின்னாடி ஸ்ட்ரோக் பத்திப் பேசும்போது இது தேவைப்படும்.

12/
இப்ப சைக்கிளுக்கு வருவோம்.

சைக்கிள் வலது பக்கம் சாயுது. விழாம இருக்க ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பணும்? புதுசா ஓட்டுறவங்க பயத்துல இடது பக்கம் ஒடிப்பாங்க. உடனே விழுவாங்க. சரியான பதில் வலது. சாயற பக்கமே லேசா திருப்பணும். அப்பத்தான் சக்கரம் உடம்புக்கு அடியில வந்து சேரும்.

இன்னொண்ணு. நல்ல வேகத்துல போகும்போது வலது பக்கம் வளையணும்னா, நாம முதல்ல ஒரு நொடிக்கும் குறைவா இடது பக்கம் லேசா ஒடிக்கிறோம். நாப்பது வருஷமா ஓட்டுறவங்ககிட்ட கேளுங்க. "நானா? இல்லவே இல்ல"ன்னு சத்தியம் பண்ணுவாங்க.

13/
அதாவது, சைக்கிள் ஓட்டத் தெரிஞ்ச யாருக்கும் எப்படி ஓட்டுறோம்னு தெரியாது. அதனால வாயால சொல்லிக்கொடுக்க முடியாது. "பேலன்ஸ் பண்ணு, பேலன்ஸ் பண்ணு"ன்னு பின்னாடி ஓடிவந்து கத்துற அண்ணனுக்கும் அது என்னன்னு தெரியாது.

கத்துக்கொடுக்கிறது சாய்வுதான். உள்காதுல இருக்கிற அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புற வேகத்தைச் சொல்லுது. சிறுமூளை திருத்தம் போடுது. தப்பா போட்டா விழுகை. அடுத்த தடவை கொஞ்சம் கம்மியா தப்பு.

14/
சிறுமூளையில பர்கின்ஜி செல்னு ஒரு வகை. 1837-ல பர்கின்ஜி கண்டுபிடிச்சது. நல்லா கிளை விட்ட மரம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு செல்லுக்கும் லட்சத்துக்கும் மேல மெல்லிய நார்கள் தகவல் கொண்டுவருது. அது போக, ஒரே ஒரு தடித்த நார் மூளைத்தண்டுல இருந்து ஏறி வந்து அந்த மரத்தைச் சுத்திக்கும்.

அந்த ஒத்தை நாரோட முக்கிய வேலை, "தப்பு நடந்துச்சு"ன்னு அடிக்கிறது. அது அடிக்கிற நேரத்துல வேலை செஞ்சுக்கிட்டு இருந்த மெல்லிய இணைப்புகள் வலுவிழக்கும். தப்புக்குக் காரணமான இணைப்பு கொஞ்சம் கொஞ்சமா அடங்கும்.

15/
1969-ல டேவிட் மார், 1971-ல ஜேம்ஸ் ஆல்பஸ்னு ரெண்டு பேர் இப்படித்தான் இருக்கணும்னு கணக்குப் போட்டுச் சொன்னாங்க. 1982-ல ஜப்பானைச் சேர்ந்த மசாவோ இட்டோ அந்த இணைப்பு நிஜமாவே வலுவிழக்கிறதைக் காட்டினார். இதைத் தாண்டி வேற வழிகளும் மூளைக்குள்ள உண்டுன்னு இப்ப தெரியுது. ஆனா அடிப்படை இதுதான்.

கல்லுல சிலை செதுக்குற மாதிரி. வேண்டாததைத் தட்டி எடுக்க எடுக்க உருவம் வரும். உளி படவே கூடாதுன்னு சொன்னா கல்லு கல்லாவே இருக்கும்.

16/
இதை நேர்ல பார்க்கணுமா? பார்வையை ஒரு பக்கம் தள்ளிக் காட்டுற பட்டகக் கண்ணாடி இருக்கு. அதைப் போட்டுக்கிட்டு இலக்கைப் பார்த்துப் பந்து எறிஞ்சா, முதல்ல ஒரு பக்கமா தள்ளிப் போகும். இருபது முப்பது தடவை எறிஞ்சா சரியா விழ ஆரம்பிக்கும். கண்ணாடியைக் கழட்டுங்க. இப்ப எதிர்ப்பக்கம் தள்ளிப் போகும்! மூளை அந்த அளவுக்குத் திருத்தி வச்சிருக்கு.

சிறுமூளை பாதிச்சவங்க இதையே செஞ்சா, பலருக்கு எத்தனை எறிஞ்சாலும் திருத்தம் வராது. 1996-ல வெளிவந்த ஆய்வு இது.

17/
இப்படிக் கத்துக்கிட்டது எங்க சேமிக்கப்படுது? பேர், ஊர், நேத்து சாப்பிட்டது இதெல்லாம் இருக்கிற ஞாபகக் கிடங்கு வேற. இது வேற.

மருத்துவ உலகத்துல எச்.எம்.னு அழைக்கப்பட்ட ஹென்றி மோலய்சன், 1953-ல நடந்த ஒரு மூளை அறுவை சிகிச்சைக்கு அப்புறம் புது ஞாபகம் எதையும் வச்சுக்க முடியாதவர். கண்ணாடியில பிம்பத்தைப் பார்த்துக்கிட்டே நட்சத்திரம் வரையற பயிற்சியை பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தாங்க. மூணு நாள்ல நல்லா வரையக் கத்துக்கிட்டார். ஆனா ஒவ்வொரு நாளும், "இதை நான் இதுக்கு முன்னாடி செஞ்சதே இல்லையே"ன்னார்.

18/
அதனாலதான் இருபது வருஷம் தொடாம இருந்துட்டு சைக்கிள்ல ஏறினாலும் நாலு மிதியில வந்துடுது.

இப்ப 47 வயசு அக்காவுக்குப் பதில்: முடியும். பிள்ளைங்களை விட நாள் கூட ஆகும், அவ்வளவுதான். டெஸ்டின் சாண்ட்லின்னு ஒரு அமெரிக்க எஞ்சினியர் 2015-ல ஒரு வீடியோ போட்டார். ஹேண்டிலை வலது திருப்பினா சக்கரம் இடது போற சைக்கிள். அவருக்கு அது பழக எட்டு மாசம் ஆச்சு. அவரோட பையன் ரெண்டே வாரத்துல ஓட்டிட்டான். ஒருத்தர் கதைதான், ஆய்வு இல்ல. ஆனா கவனிங்க, பெரியவரும் கத்துக்கிட்டார்.

19/
அக்காவுக்கு இன்னும் ரெண்டு விஷயம்.

வீட்டுக்காரர்தான் கத்துக்கொடுக்கணும்னு இல்ல. ஒவ்வொரு தப்புக்கும் பின்னாடி இருந்து "லூசு, பிரேக்கைப் பிடி"ன்னு திட்டு வந்தா, கவனம் வண்டி மேல இருக்காது, திட்டு மேல இருக்கும்.

ரெண்டாவது, ஒரே ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரத்தை விட தினம் இருபது நிமிஷம் மேல். நடுவுல தூக்கம் வேணும். கத்துக்கிட்டது ராத்திரிதான் கெட்டியாகும்.

20/
சின்னப் பிள்ளை சைக்கிளுக்கு சைடு வீல் மாட்டுறோமே, அது என்ன செய்யுதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

பெடல் பண்ணக் கத்துக்கொடுக்கும். ஆனா சைக்கிளைச் சாய விடாது. சாயலன்னா பிழை இல்ல. பிழை இல்லன்னா பேலன்ஸ் பாடம் இல்ல. ரெண்டு வருஷம் சைடு வீல்ல ஓட்டின பிள்ளை, அதைக் கழட்டின அன்னைக்கு முதல் நாள் பிள்ளை மாதிரியே விழும்.

21/
நம்ம ஊர்ப் பசங்க இதைப் படிக்காமலே கண்டுபிடிச்சாங்க. வாடகை சைக்கிள் எடுத்து, ஒரு காலைப் பெடல்ல வச்சு, இன்னொரு காலால தரையை உந்தி உந்தி ஓடவிடறது. அப்புறம் குரங்கு பெடல். அப்புறம் பார். கடைசியாத்தான் சீட்.

உந்தி ஓடவிடற அந்த முதல் கட்டத்துல முழுக்க முழுக்க சாய்வுதான் பாடம். தரை ஒரு காலுக்கு எட்டுற தூரத்துல இருக்கு. தப்பு நடக்கும், ஆனா பல்லு போகாது. இன்னைக்குப் பணக்கார வீட்டுல வாங்குற பெடல் இல்லாத "பேலன்ஸ் பைக்"கும் இதே தத்துவம்தான்.

நல்ல பயிற்சின்னா இதுதான்: தப்பு நடக்கணும். தப்போட விலை சின்னதா இருக்கணும்.

22/
இப்ப ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். இந்த இழையே அதுக்காகத்தான்.

1991-ல 25 வயசுல சைக்கிள் கத்துக்கிட்ட பெண்ணுக்கு இன்னைக்கு அறுபதை ஒட்டின வயசு. பிபி, சுகர், ஸ்ட்ரோக் எல்லாம் எட்டிப் பார்க்கிற வயசு. ஊர் முன்னாடி விழுந்து எழுந்து கத்துக்கிட்ட அதே தலைமுறையை, இன்னைக்கு அவங்க பிள்ளைங்க கட்டிலை விட்டு இறங்க விடறதில்ல.

"அம்மா, நீ அசையாத. நான் எடுத்துத் தர்றேன்."

23/
முதல்ல அவசரமான விஷயம். வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல். இதுல எது திடீர்னு வந்தாலும் 108. ரத்தக்குழாய் அடைப்பால வர்ற ஸ்ட்ரோக்ல கட்டியைக் கரைக்கிற ஊசி, பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். புறா ரத்தம் தேய்ச்சுப் பார்த்துட்டு வர்றேன்னு அந்த நேரத்தைத் தொலைக்காதீங்க.

இந்த இழை அதுக்கு அப்புறம் வர்ற மாசங்களைப் பத்தினது.

24/
ஸ்ட்ரோக்ல பெரும்பாலும் அடி வாங்குறது பெருமூளைப் பக்கம். பிழையைப் பார்த்துத் திருத்துற சிறுமூளை நிறையப் பேருக்குத் தப்பிச்சு நல்லாவே இருக்கும். செத்துப்போன செல் திரும்ப வராது. ஆனா பக்கத்துல உள்ள பகுதிகள் வேலையைப் பங்கு போட்டுக்கக் கத்துக்கும்.

கத்துக்கணும்னா பிழை வேணும். பிழை வேணும்னா அவங்களே அசையணும்.

25/
எண்ணெய் தேய்ச்சு உருவி விடறோம் டாக்டர், போதாதா?

11-வது பதிவை ஞாபகப்படுத்திக்கோங்க. நீங்க அவங்க கையைத் தூக்கி இறக்கும்போது, உத்தரவு அவங்க மூளையில இருந்து போகல. நகல் இல்ல. கணிப்பு இல்ல. பிழையும் இல்ல. மூட்டு இறுகாம இருக்க அது உதவும், செய்யுங்க. ஆனா அவங்களே முக்கி முனகி ரெண்டு இஞ்ச் நகர்த்துறது இருக்கே, அந்த ரெண்டு இஞ்ச்சுக்கு எண்ணெய் ஈடாகாது.

26/
கையைப் பயன்படுத்தாமலே இருந்தா இன்னொரு ஆபத்தும் உண்டு. "இந்தக் கை வேலைக்கு ஆகாது"ன்னு மூளை அதையும் ஒரு பாடமா கத்துக்கும். தசையில கொஞ்சம் பலம் திரும்பி வந்த பிறகும் அந்தக் கையைக் கூப்பிடாது. எட்வர்ட் டாப்னு ஒரு ஆய்வாளர் இதை முதல்ல குரங்குகள்ல பார்த்தார்.

அதுக்கு அவர் சொன்ன வைத்தியம் கேட்டா ஆச்சரியமா இருக்கும். நல்ல கைக்கு உறை மாட்டி முடக்கி வைக்கிறது! வேற வழியில்லாம கெட்ட கை வேலை செய்யணும். 2006-ல வெளிவந்த எக்ஸைட் ஆய்வுல 222 ஸ்ட்ரோக் நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. ரெண்டு வாரம் இப்படிச் செஞ்சவங்களுக்குக் கைவேலை மத்தவங்களை விட நல்லா முன்னேறுச்சு. கையில ஓரளவு அசைவு மிச்சம் இருக்கிறவங்களுக்கான முறை இது. வீட்டுல நீங்களா கட்டிப் போடாதீங்க, தெரபிஸ்ட் சொல்லணும்.

27/
இன்னும் ஒரு ஆச்சரியம். ரெண்டு காலுக்கும் தனித்தனி பெல்ட் உள்ள நடைமெஷின் இருக்கு. ஸ்ட்ரோக் வந்து கால் நொண்டுறவங்களை அதுல ஏத்தி, நொண்டல் இன்னும் அதிகமாகிற மாதிரி ஒரு பெல்ட்டை வேகமா ஓடவிட்டாங்க. தப்பைப் பெருசாக்கிக் காட்டினாங்க.

பெல்ட்டை மறுபடி ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தப்ப நடை முன்னை விடச் சீரா இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல பழையபடி ஆயிடுச்சு, உண்மைதான். ஆனா 2007-ல வந்த இந்த ஆய்வு ஒண்ணைக் காட்டுச்சு. ஸ்ட்ரோக் வந்த மூளைக்கும் தப்பைப் பார்த்துத் திருத்தத் தெரியும். தப்பை மறைச்சா அதால முடியாது.

28/
எத்தனை தடவை செய்யணும்?

அமெரிக்கா, கனடாவுல 312 தெரபி அமர்வுகளை உக்காந்து எண்ணிப் பார்த்தாங்க. 2009-ல வந்த ஆய்வு. உபயோகமான கைவேலைப் பயிற்சி ஒரு அமர்வுக்குச் சராசரியா 32 தடவைதான். விலங்குகள்ல மூளை மாறுறதைக் காட்டின ஆய்வுகள்ல ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை.

அங்கயே அப்படின்னா, வாரத்துக்கு ஒரு தடவை பிசியோதெரபிக்குப் போயிட்டு வர்ற நம்மளை நினைச்சுப் பாருங்க.

29/
2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு தேடி வர்ற பிசியோதெரபியும் இருக்கு. நல்ல திட்டம். உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுப் பதிவு பண்ணுங்க.

ஆனா தெரபிஸ்ட் எந்த ஊருக்கும் தினம் வர முடியாது. அவர் வந்து கத்துக்கொடுக்கிறது நோயாளிக்கு மட்டும் இல்ல, வீட்டுல உள்ளவங்களுக்கும்தான். அவர் போன பிறகு மத்த நாள் எல்லாம் நீங்கதான் தெரபிஸ்ட். அந்த நாள்கள்ல அம்மாவைக் கட்டில்ல வச்சுப் பூட்டிட்டா, அவர் வந்துட்டுப் போனதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும்.

30/
"விழுந்து இடுப்பு உடைஞ்சா நீங்களா டாக்டர் பார்ப்பீங்க?"

நியாயமான கோபம். வயசானவங்களுக்கு இடுப்பெலும்பு முறிவு உயிர் வரைக்கும் போற விஷயம். நான் அவங்களைத் தனியா நடக்க விட்டுட்டு வேடிக்கை பாருங்கன்னு சொல்லல. அதோட, ஸ்ட்ரோக் வந்த முதல் 24 மணி நேரத்துல அதிகமா எழுப்பி நடக்க வச்சா பலன் குறையுதுன்னு 2015-ல ஒரு பெரிய ஆய்வு காட்டியிருக்கு. எப்ப எழுப்பலாம், எவ்வளவு எழுப்பலாம்னு டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் சொல்லட்டும்.

அவங்க "ஆரம்பிக்கலாம்"னு சொன்ன பிறகும் நாம பிடிச்சுக்கிட்டே இருக்கிறோமே, என் சண்டை அதோடதான்.

31/
வீட்டுல செய்யக்கூடியது. சுருக்கமா.

பலவீனமான பக்கம் நில்லுங்க. கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. தளர்ந்த கையை இழுத்தா தோள் மூட்டு நழுவும். இடுப்புல ஒரு துண்டை இறுக்கிக் கட்டி, அதைத் தொட்டும் தொடாம பிடிச்சுக்கோங்க. சாய ஆரம்பிச்சதும் தாங்காதீங்க. ஒரு கணம் பொறுங்க. அவங்களே நிமிர முயற்சி பண்ணட்டும். முடியலன்னாதான் துண்டை இழுங்க.

அந்த ஒரு கணத்துலதான் பாடம் நடக்குது.

32/
ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் நீங்க. காய்ஞ்ச தரை. ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிப்பு உள்ளது வேணும். ஈரப் பாத்ரூம்ல பயிற்சி கூடாது. தலை சுத்தினா, நெஞ்சு படபடத்தா உடனே நிறுத்தணும்.

சாப்பாட்டுத் தட்டுல ஒரு கவளமாவது தளர்ந்த கையால எடுக்கட்டும். சிந்தும். சிந்தட்டும். பட்டன் போடட்டும், பத்து நிமிஷம் ஆகட்டும். துணி மடிக்கட்டும், பூண்டு உரிக்கட்டும். அவங்களுக்கு ஏற்கெனவே அர்த்தம் உள்ள வேலையா கொடுங்க.

சிந்தினதைத் துடைக்கும்போது முகம் சுளிக்காதீங்க. அது ரொம்ப முக்கியம்.

33/
எல்லாருக்கும் முழுசா சரியாயிடும்னு சொல்லமாட்டேன். பாதிப்பு எங்க, எவ்வளவு பெருசுங்கிறதைப் பொறுத்தது. சிறுமூளையிலயே ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குப் பாதை இன்னும் கடினம். முதல் மூணு நாலு மாசத்துல முன்னேற்றம் வேகமா இருக்கும், அப்புறம் மெதுவாகும். மெதுவாகிறதை நின்னுடுச்சுன்னு நினைச்சுடாதீங்க.

ஆனா ஒண்ணு உறுதி. முயற்சியே பண்ணவிடாத கைக்கும் காலுக்கும் திரும்பி வர்ற வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே போகும்.

34/
என் கருத்து இதுதான்.

நம்ம வீடுகள்ல பாசத்துக்கு இன்னொரு பேர் "நீ செய்யாத, நான் பார்த்துக்கறேன்". பெண்ணுக்குச் சொல்றோம், வயசானவங்களுக்குச் சொல்றோம், கை கால் வளர்ச்சி குறைஞ்ச பிள்ளைக்குச் சொல்றோம். சொல்லும்போது நல்ல எண்ணம்தான். ஆனா அவங்க மூளைக்குப் போய்ச் சேர வேண்டிய பாடத்தை நாமதான் வாசல்ல நிறுத்தி வைக்கிறோம்.

யார் விழுந்தா சிரிச்சுட்டுப் போறோம், யாரை விழவே விடமாட்டேங்கிறோம்? இதை மருத்துவப் புத்தகம் முடிவு பண்றதில்ல. நாமதான் முடிவு பண்றோம்.

35/
அறிவொளி இந்த மாவட்டத்துக்குச் செஞ்சதை ஒரு டாக்டரா நான் இப்படித்தான் பார்க்கிறேன். அவங்க யாருக்கும் பேலன்ஸ் கொடுக்கல. அது யாராலயும் கொடுக்க முடியாதது. தப்பு பண்ண இடம் கொடுத்தாங்க, பக்கத்துல ஆள் நிறுத்தினாங்க, சிரிக்கிறவங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டாங்க. மிச்சத்தை ஒவ்வொருத்தரோட சிறுமூளையும் பார்த்துக்கிச்சு.

ஒரு மாவட்டம் ஒரு லட்சம் பேருக்குச் செஞ்சதை, ஒரு வீடு ஒருத்தருக்குச் செய்ய முடியாதா?

36/
ஸ்கூட்டி கேட்ட அக்கா, நாளைக்கே ஒரு காலி மைதானத்தைப் பாருங்க. ஹெல்மெட் போட்டுக்கோங்க. எல்எல்ஆர் எடுத்துட்டு ரோட்டுக்கு வாங்க.

அம்மாவைக் கட்டில்ல வச்சிருக்கிற தம்பி, நாளைக்கு உங்க டாக்டர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "எங்க அம்மா எவ்வளவு தூரம் தானா முயற்சி பண்ணலாம்?" அவர் சொல்ற எல்லை வரைக்கும் விடுங்க. பக்கத்துலயே இருங்க.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.